மச்சானுக்குக் காட்டிய சரித்திரம்

இராஜரட்ணம் குடும்பத்தோடு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. வான் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் யன்னலால் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு திருவாய் மலர்ந்தார்.

"எல்லாம் நேற்றுக் கட்டினது மாதிரிக் கிடக்கு, மச்சான். உங்கட ஊரில சரித்திரம் எண்டு ஒண்டும் இல்லைப் போல."

வானை ஓட்டிக்கொண்டிருந்த வாகீசனுக்குச் சுருக்கென்றது. ரொறன்ரோவை அவன்தான் அத்திவாரம் போட்டுக் கட்டினான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எண்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து அகதியாக வந்து இறங்கியவன் அவன். ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நின்று வாளி மூடிகள் விழ விழப் பொறுக்குகிறவன். இராஜரட்ணம் மட்டும் இலண்டனை ஆண்ட பரம்பரையா என்றால் அதுவும் இல்லை. அவரும் உரும்பிராய்தான். வாகீசனுக்கு இரண்டு வருடம் முந்திப் புறப்பட்டுப் போய், ஈஸ்ற்ஹாமில் ஒரு பெற்றோல் செட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கிப் போடுகிறவர். ஆனால் ஒருவருக்கு இலண்டன் சொந்தமாகிவிட்டது, மற்றவருக்கு ரொறன்ரோ சொந்தமாகிவிட்டது. இனி அந்த இரண்டு நகரங்களுக்கும் மரியாதை காப்பாற்றிக் கொடுப்பது அவர்களின் பொறுப்பு.

"சரித்திரம் இல்லையோ? பொறும், காட்டுறன்" என்றான் வாகீசன்.

வெறும் வீம்புக்காக அவன் அதைச் சொல்லவில்லை. இராஜரட்ணத்தின் மனைவி யோகராணி அவனுடைய ஒரே தங்கை. ஐயாவும் அம்மாவும் ஊரில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தது என்று உலகத்தில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுத்து, "ராணி, உங்கை கிடந்து என்ன செய்யிறாய், இஞ்ச வாங்கோவன், பேப்பர் அலுவல் எல்லாம் நான் பாக்கிறன்" என்பான். அவள், "அவர் லண்டனை விட்டிட்டு வரமாட்டார் அண்ணா" என்பாள். வருடக்கணக்காக இந்த ஒரே பேச்சுத்தான். மோர்னிங்சைட்டில் தன் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே அவளைக் குடிவைத்துவிட வேண்டும், மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துபோய் அவள் கையால் ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்பது வாகீசனின் கனவு. அந்தக் கனவுக்குக் குறுக்கே நின்றது மச்சான் ஒருவர்தான். அவரை மடக்கிவிட்டால் எல்லாம் சரி. அவரை மடக்கத்தான் இந்தக் கோடை விடுமுறை.

ஆகவே அடுத்த நாளே ஊர் காட்டல் தொடங்கியது.

வானில் முன் இருக்கையில் எப்போதும் இராஜரட்ணம். அவர் காலை நீட்டவேண்டும். நடு இருக்கையில் பிள்ளைகள் மூவர். இராஜரட்ணத்தின் மகன் பிரசாந்துக்கு ஒன்பது வயது, காதில் எப்போதும் பாட்டுப் பெட்டியின் வயர். அவன் தங்கை நிலாணி சின்னவள், எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கழிவறைக்குப் போகவேண்டும் என்பாள். வாகீசனின் மகள் துவாரகாவுக்கும் ஒன்பது வயது. உண்மையை உரத்துச் சொல்லும் கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. கடைசி இருக்கையில், சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல்கள், மாற்றுடுப்புப் பை எல்லாவற்றுக்கும் நடுவில் யோகராணி. அவளை நடக்க விட்டதைவிடச் சாமான்களுக்குக் காவல் வைத்ததுதான் அதிகம்.

முதலில் சி.என். ரவர். "உலகத்திலயே உயரம்" என்று வாகீசன் கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சொன்னான். உயரம் முழுவதும் தன்னுடையது என்ற குரல்.

"உயரம் சரி" என்றார் இராஜரட்ணம், கழுத்தைச் சாய்க்காமலே. "உயரம் சரித்திரமே? எங்கட லண்டன் ரவரைப் பாரும். தொள்ளாயிரம் வருசம். அதில எத்தினை ராசா ராணியின்ர தலை உருண்டது தெரியுமே?"

"இஞ்ச ஒருத்தற்ற தலையும் உருளாது, மச்சான். இது மனித உரிமை உள்ள நாடு."

"தலை உருளாத இடத்தில என்ன சரித்திரம்?"

பிரசாந் காதிலிருந்து வயரைக் கழற்றினான். "அப்பா, நாங்க லண்டன் ரவருக்குள்ள ஒருக்காவும் போகேல்லையே. You said the queue was too long."

"வெளியில நிண்டு பாத்தனாங்கள்தானே" என்றார் இராஜரட்ணம்.

வாகீசன் வெற்றிப் புன்னகையோடு திரும்பினான். துவாரகா விட்டாளா? "அப்பாவும் இதுக்கு மேல ஏறினதில்லை, மாமா. விசிட்டர்ஸ் வந்தா அவையை ஏத்திவிட்டிட்டு, அப்பா வானுக்குள்ள நித்திரை கொள்ளுவார்."

அன்று அத்தோடு சமநிலை.

அடுத்ததாக, பழைய காலத்துக் குடியேறிகளின் கிராமம் என்று ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மர வீடுகள், கோழிகள், நீளப் பாவாடை கட்டிய பெண்கள் வெண்ணெய் கடையும் காட்சி. இராஜரட்ணம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உது எங்கட ஊர்க் கோழிக்கூட்டை விடப் புதுசு" என்றார். வாகீசன் விடவில்லை. குடியுரிமைச் சோதினைக்குப் பாடமாக்கிய எல்லாவற்றையும் எடுத்து விட்டான். எந்த ஆண்டு எந்த மாகாணம் சேர்ந்தது, முதல் பிரதமர் யார், ரயில் பாதை எப்போது முடிந்தது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். சோதினையில் இவற்றில் பாதிகூடக் கேட்கவில்லை என்ற ஆதங்கம் அவனுக்கு வெகுநாளாக இருந்தது. இப்போதுதான் படித்தது பயன்பட்டது.

"நாங்கள் இந்த நாட்டை ஒரு துளி ரத்தம் சிந்தாமல் கட்டினனாங்கள்" என்று முடித்தான்.

"நாங்கள் குடுத்தபடியால்தானே நீங்கள் கட்டினனீங்கள்" என்றார் இராஜரட்ணம். "எங்கட ராணியின்ர படம்தானே இண்டைக்கும் உங்கட காசில கிடக்கு?"

வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கனடாவைக் கட்டியவரும் அதைக் கொடுத்தவரும் தன் முன்னால் நிற்கிறார்கள் என்பது பாவம் அவளுக்கு விளங்கவில்லை.

அன்றிரவு வீட்டில் வாகீசனின் மனைவி தவமணி அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்குப் பகல் வேலை. லீவு கிடைக்காததால் இந்த ஊர் காட்டலுக்கு அவள் வரவில்லை.

"இஞ்சேருங்கோ, மச்சாளின்ர முகம் சரியில்லை. நீங்கள் இதெல்லாம் கவனிக்கிறதில்லையே?"

"அவளுக்கென்ன? விமானப் பயணக் களைப்பு."

"அது வந்த அண்டைக்கு. நீங்கள் மச்சானோடயே மல்லுக்கு நிக்கிறீங்கள். அவளோட கொஞ்சம் இருந்து கதையுங்கோ."

"மச்சானை வழிக்குக் கொண்டு வந்தால் அவள் தன்பாட்டில வருவாள். பிறகு ஆயுசு முழுக்க இருந்து கதைக்கலாம்" என்றான் வாகீசன். அவனுக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

காசா லோமா என்ற மாளிகையைத்தான் அவன் பெரிதாக நம்பியிருந்தான். குன்றின் மேலே கோபுரங்களும் கொத்தளங்களுமாக நிற்கிற கட்டடம். படத்தில் பார்த்தால் ஐரோப்பியக் கோட்டை என்றே யாரும் சொல்வார்கள். தெருமுனையில் திரும்பி அது கண்ணில் பட்டதும் பிள்ளைகள் "வாவ்" என்றார்கள். இராஜரட்ணத்தின் முகமும் ஒரு கணம் இளகியது. வாகீசன் அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டான்.

ஆனால் வாசலில் ஒரு பலகை இருந்தது. இராஜரட்ணம் எந்த இடத்துக்குப் போனாலும் பலகையை முழுதாக வாசிக்காமல் காலடி வைக்க மாட்டார்.

"ஆயிரத்தித் தொளாயிரத்திப் பதினாலு! மச்சான், எங்கட அப்பப்பா இதை விட மூப்பு." மேலும் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் வெளிச்சம் கூடியது. "இஞ்ச பாரும். கட்டின மனிசன் பத்து வருசம்கூட இதுக்குள்ள இருக்கேல்லை. வரி கட்ட ஏலாமல் விட்டிட்டுப் போயிட்டுதாம். உது கோட்டை இல்லை, மச்சான். மோர்ட்கேஜ் வீடு!"

மோர்னிங்சைட் வீட்டுக்கு இருபத்தைந்து வருட மோர்ட்கேஜ் கடன் எடுத்து, இன்னும் பேஸ்மென்ரைக்கூட முடிக்காமல் இருக்கிற வாகீசனுக்கு அது இரண்டு இடத்தில் பட்டது.  பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விறுவிறென்று நிலத்தடிச் சுரங்கப் பாதைக்குள் இறங்கினான். மாளிகையிலிருந்து குதிரை லாயத்துக்குப் போகும் நீளமான பாதை அது. இருட்டும் குளிரும் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. பிரசாந் வயரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, "ஊ" என்று சத்தம் போட்டு எதிரொலி கேட்டான். நிலாணி கழிவறையை மறந்தாள்.

அந்தச் சுரங்கத்தில்தான் யோகராணி நடையை விரைவாக்கி அண்ணனுக்குப் பக்கத்தில் வந்தாள். சாப்பாட்டுப் பை ஒரு தோளில், நிலாணியின் குளிர்ச்சட்டை மறு தோளில்.

"அண்ணா, உங்களோட ஒண்டு கதைக்க வேணும்."

"பொறு ராணி, பொறு. முன்னால வடிவாப் பார். குதிரைக்கு எண்டு மகோகனி மரத்தில கொட்டில் கட்டியிருக்கிறாங்கள். மச்சானைக் கூப்பிடு, அந்தாள் இதைப் பாக்க வேணும்."

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சில அடி கூட நடந்தாள். பிறகு பின்தங்கிவிட்டாள். வாகீசன் குதிரை லாயத்தின் பெருமையை மச்சானுக்கு எடுத்துச் சொல்வதில் மும்முரமாக இருந்தான். இராஜரட்ணம் குதிரைகளுக்கு மரியாதை கொடுத்த அளவுக்கு மாளிகைக்குக் கொடுக்க மறுத்தார்.

மத்தியானம் மாளிகைத் தோட்டத்தின் புல்லில் இடியப்பப் பெட்டியும் சொதிப் போத்தலும் திறக்கப்பட்டன. வெள்ளைக்காரர்கள் கையளவு சான்ட்விச்சைக் கடித்துக்கொண்டு நடந்து போனார்கள். யோகராணி எல்லாருக்கும் பரிமாறினாள். தனக்கு என்ன இருந்தது, சாப்பிட்டாளா என்று பார்த்தவர் யாரும் இல்லை. இரண்டு நகரங்களின் பிரதிநிதிகளும் சம்பலைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் விநியோகம், சுரங்க ரயில், பனி என்று பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். முடிவு எட்டப்படவில்லை.

இலண்டன்காரர்கள் திரும்பிப் போகுமுன் மிச்சமிருந்தது யோர்க் கோட்டை. இதை வாகீசன் கடைசி அம்பாக வைத்திருந்தான். நிஜமான சண்டை நடந்த நிஜமான கோட்டை. அந்தச் சண்டை நடந்தது ஆயிரத்தெண்ணூற்றுப் பதின்மூன்றில். இதற்கு மேல் என்ன சரித்திரம் வேண்டும்?

கோட்டைக்குப் போனால் அதன் தலைக்கு மேலே நெடுஞ்சாலை ஓடியது. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மறுபக்கம் லொறிகள். நடுவில் புல் முளைத்த மண் அணைகளும் தாழ்ந்த சில கட்டடங்களும் கிடந்தன. இராஜரட்ணம் பீரங்கிகளைச் சுற்றி வந்தார். "கோட்டை எண்டா யாழ்ப்பாணத்துக் கோட்டை. உது வயல் வரம்பு" என்றார். வாகீசன் அதைக் கேட்காத மாதிரி இருந்தான்.

பழைய பிரிட்டிஷ் படைவீரன் மாதிரிச் சிவப்புக் கோட் போட்ட இளைஞன் ஒருவன் பார்வையாளர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். கோடையில் மட்டும் அங்கே வேலை செய்யும் கல்லூரி மாணவன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டான். பிரசாந் இலண்டன் என்றதும், "அப்படியானால் நான் போட்டிருப்பது உங்கள் நாட்டுச் சட்டை" என்று சிரித்துக்கொண்டே தொப்பியைத் தொட்டு வணங்கினான். இராஜரட்ணத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சிவப்புக் கோட்டைத் தானே தைத்துக் கொடுத்தது மாதிரி மச்சானைப் பார்த்தார்.

இளைஞன் கதையைத் தொடர்ந்தான். ஏரி வழியாக அமெரிக்கர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். பிரிட்டிஷ் படை கொஞ்ச நேரம் சண்டை பிடித்தது. இனித் தாக்குப் பிடிக்க முடியாது என்று கண்டதும் அதன் தளபதி வெடிமருந்துக் கிடங்கைத் தாங்களே வெடிக்க வைக்கச் சொன்னார். கொடியை மட்டும் கம்பத்தில் பறக்க விட்டுவிட்டு, தன் படையோடு கிங்ஸ்ரன் பக்கம் நடையைக் கட்டினார். எதிரியோடு பேசிச் சரணடைகிற வேலை ஊர்ச்சனத்தின் தலையில் விழுந்தது.

வாகீசனுக்குத் தேன் குடித்தது போலிருந்தது. இத்தனை நாளும் பட்ட அவமானத்துக்கெல்லாம் பலன் கிடைத்துவிட்டது.

"கேட்டீரே, மச்சான்? உங்கட ஆக்கள் எங்கட சனத்தை விட்டிட்டு ஓடியிருக்கினம்!"

"ஓடேல்லை" என்றார் இராஜரட்ணம். "அது தந்திரோபாயப் பின்வாங்கல்."

யாழ்ப்பாணம் இராணுவத்திடம் பறிபோய்ப் போராளிகள் பின்வாங்கியதிலிருந்து இரண்டு வருடமாக வானொலியிலும் பத்திரிகையிலும் எல்லாரும் கேட்டுக் கேட்டுக் காது புளித்த சொல் அது. ஈஸ்ற்ஹாமிலும் மோர்னிங்சைட்டிலும் அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். இப்போது அதைப் பிரிட்டிஷ் இராணுவத்துக்கும் இரவல் கொடுக்க வேண்டி வந்துவிட்டது.

"கொடியைப் பறக்க விட்டிட்டுப் பின்பக்கத்தால போறதோ தந்திரோபாயம்?"

"படை மிஞ்சினாத்தான் திரும்பி வந்து மீக்கலாம். யுத்தம் தெரிஞ்ச ஆக்களுக்கு அது விளங்கும்."

"எப்ப வந்து மீட்டவை? கேட்டுப் பாப்பமே?" வாகீசன் இளைஞனிடம் ஆங்கிலத்தில் கேட்டான். இல்லை, யாரும் வந்து மீட்கவில்லை, அமெரிக்கர்களே சில நாளில் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள் என்றான் அவன். வாகீசன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

குரல்கள் உயர்ந்தன. மற்றப் பார்வையாளர்கள் விலகி நின்று பார்த்தார்கள். இந்தக் கோடை முழுவதிலும் இந்தச் சண்டையில் இவ்வளவு அக்கறை எடுத்த குடும்பத்தைத் தான் பார்த்ததில்லை என்று இளைஞன் துவாரகாவிடம் சொன்னான். "They do it every day," என்றாள் அவள்.

"சனத்தைக் கைவிடுறது உங்கட லண்டன்காரருக்குப் பழக்கம்" என்றான் வாகீசன். வெற்றி தலைக்கேறிவிட்டது. "நீரும் அப்பிடித்தானே, எண்பத்திநாலில சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டனீர்."

"நான் வெளிக்கிடேக்க தனிக்கட்டை. நீர் ஆரை விட்டிட்டு வந்தனீர் எண்டு யோசிச்சுப் பாரும்."

"விட்டிட்டு வந்தவளைத்தானே வருசக் கணக்காக் கூப்பிடுறன்! நீர்தானே விடுறீரில்லை. லண்டன், லண்டன் எண்டு அவளைப் பிடிச்சு வச்சிருக்கிறீர்!"

"நானோ?" என்று கத்தினார் இராஜரட்ணம். "நானோ பிடிச்சு வச்சிருக்கிறன்? நான் எப்ப வரமாட்டன் எண்டு..."

அதோடு நிறுத்திவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி மனைவியைப் பார்த்தார். 

யோகராணி ஒரு பீரங்கிக்குப் பக்கத்தில், நீளமான மர வாங்கில் இருந்தாள். சாப்பாட்டுப் பை மடியில் இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இனி என்னத்துக்கு ஒளிக்கிறது?" என்றாள். "அவர் வரமாட்டன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை, அண்ணா. அவருக்கு வர விருப்பம். இஞ்ச வந்து வீடு பாக்கவேணும் எண்டும் சொன்னவர். நான்தான் மாட்டன் எண்டனான்."

வாகீசன் மச்சானைப் பார்த்தான். மச்சான் பீரங்கியின் வாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைச் சொன்னால் உங்களுக்கு மனம் நோகும் எண்டு, பழியைத் தன்ர தலையில போடச் சொன்னவர். அதுதான் வந்த நாளில இருந்து உங்கட ஊரில குறை பிடிக்கிறார். பாவம், அவருக்கு அந்தச் சுரங்கம் நல்லாப் பிடிச்சது."

"மாளிகையும் பரவாயில்லை" என்று முணுமுணுத்தார் இராஜரட்ணம்.

வாகீசனுக்கு, இத்தனை நாள் யாரோடு சண்டை பிடித்தோம், எதற்காகப் பிடித்தோம் என்பதே குழம்பிப் போனது. வெட்கமாக இருந்தது. அதைவிட மேலாகப் பயமாக இருந்தது. வாங்கின் மறு ஓரத்தில் போய் இருந்தான்.

"ஏன் ராணி? அந்தக் காலத்தில உன்னையும் அம்மா ஐயாவையும் விட்டிட்டு வந்தனெண்டோ?"

"சீ, அதில்லை. அப்ப எல்லாருந்தான் வெளிக்கிட்டவை. நீங்கள் போனதில எனக்கு ஒரு கோவமும் இல்லை."

"அப்ப என்ன?"

 மேலே நெடுஞ்சாலையில் லொறிகள் இரைந்துகொண்டு போயின.

"நான் வந்து இவ்வளவு நாள். ரவர் காட்டினீங்கள், கோழிக்கூடு காட்டினீங்கள், குதிரை கட்டின இடமும் காட்டினீங்கள். எப்பிடி இருக்கிறாய் எண்டு என்னை ஒருக்காக் கேட்டனீங்களே? ரெலிபோனிலயும் அப்பிடித்தான். ஸ்னோ எவ்வளவு, வீட்டு விலை எவ்வளவு, எப்ப வாறியள். அதைவிட்டால் மச்சானைக் கூப்பிடு எண்டுவீங்கள். இப்ப நான் லண்டனில இருக்கிறன். தூரம், அதுதான் அண்ணாவுக்கு ஒண்டும் தெரியேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம். அடுத்த ஸ்ரீற்றில வந்திருந்தும் நீங்கள் இப்பிடியே இருந்தீங்கள் எண்டால், பிறகு நான் என்னத்தைச் சொல்லி மனதைத் தேத்துறது?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் வாகீசனுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். பதில் சொல்வதில் அவன் சளைத்தவன் இல்லை.  சுரங்கத்தில் பின்தங்கி நடந்த அவளின் செருப்புச் சத்தத்தைத் தான் கேட்டும் திரும்பாதது ஞாபகம் வந்தது. அழுகை வரும் போலிருந்தது. பிள்ளைகள் முன்னால் அழ முடியாமல் மூக்கை உறிஞ்சினான்.

இராஜரட்ணம் தொண்டையைச் செருமினார். "பிள்ளையள், வாங்கோ. அந்தப் பக்கக் கட்டடத்தையும் பாத்திட்டு வருவம். ஆறுதலாப் பாப்பம். பலகை எல்லாத்தையும் வாசிப்பம்." மூன்று பிள்ளைகளையும் முன்னால் விட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் போனார். சிவப்புக் கோட் இளைஞனையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணனும் தங்கையும் வாங்கில் தனியே இருந்தார்கள்.

"எப்பிடி இருக்கிறாய், ராணி?" என்றான் வாகீசன்.

யோகராணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "கேக்கச் சொல்லிக் கேக்கிறீங்கள்."

"ஓம். கேக்கச் சொல்லித்தான் கேக்கிறன். சொல்லு."

அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், பிரித்தாள். "போன மாசியில எனக்கு ஒப்பரேசன் நடந்தது. நெஞ்சில கட்டி. வெட்டி எடுத்திட்டினம். இப்ப ஒண்டும் இல்லையெண்டு சொல்லுகினம், ஆனா மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் போய்க் காட்ட வேணும்."

வாகீசன் அவளைப் பார்த்தபடியே இருந்தான். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் மச்சான்தான் ரெலிபோனை எடுத்தார். ராணி கோயிலுக்குப் போய்விட்டாள் என்றார். அன்று ரொறன்ரோவில் கொட்டிய பனியைப் பற்றி வாகீசன் அவருக்கு வெகுநேரம் விளக்கினான். மச்சான் ஒரு மறுப்பும் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கத்துக்கு மாறாக அன்று தானே வென்றுவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாகப் படுக்கப் போனது அவனுக்கு இப்போது நினைவு வந்தது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றான்.  "நல்ல டொக்டரே பாத்தவர்? இஞ்ச ரொறன்ரோவில எண்டால்..."

யோகராணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

வாகீசன் வாயை மூடிக்கொண்டான். சொல்ல வந்த ஆஸ்பத்திரியின் பெயர் தொண்டையிலேயே நின்றது. மெதுவாக நகர்ந்து, இருவருக்கும் நடுவில் கிடந்த இடத்தைக் குறைத்து அவள் பக்கத்தில் இருந்தான்.

"முதல்ல எப்ப தெரிய வந்தது?" என்று கேட்டான்.

"மார்கழியில" என்று தொடங்கினாள் அவள். "குளிக்கேக்க கையில தட்டுப்பட்டது. அவர் வேலைக்குப் போயிட்டார். ஆருக்குச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. ரெலிபோனை எடுத்து உங்கட நம்பரை அமத்திப்போட்டு, மணி அடிக்க முதல் வச்சிட்டன்."

வாகீசன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தையும் கேட்டான்.